விழுப்புரம், திண்டிவனம் வட்டார மரச்செதுக்கும் சிறு மரச்சிலுவையும்

உள்ளங்கையில் அடங்கும் மரச்சிலுவையின் மேல் கத்திமுனையால் சிறு முக்கோணக் குழிகள் எடுத்து, அவற்றைப் பூவாகவும் விண்மீனாகவும் வரிசைப்படுத்தும் வேலை மரவேலைகளில் மிகவும் எளியது. மரத்தை உருவமாகக் குடைய வேண்டாம். மேற்பரப்பிலிருந்து சில்லு சில்லாக எடுத்தால் போதும். அதனால் இக்கட்டுரையில் இதைச் சில்லுச் செதுக்கு என்று குறிப்பிடுகிறோம். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், குறிப்பாக இன்றைய விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களில், மரத்தில் உளி வைக்கும் வேலை நெடுங்காலம் பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த வேலி எங்கெங்கே திறந்தது, எங்கே மீண்டும் பேச்சுக்கு வந்தது என்பதே இங்கு சொல்லப்படும் வரலாறு. புதிதாகத் தொடங்கும் மாணவர் முதல் சிலுவையை எப்படிச் செய்யலாம் என்பதும் இறுதியில் உண்டு.

சில்லுச் செதுக்கின் பழைமை

சாய்ந்த வெட்டுகள் ஒரே புள்ளியில் கூடும்போது நடுவிலிருந்து சில்லு கழன்று விழும். இந்த உத்திக்குத் தாயகம் இன்ன நாடு என்று சொல்ல முடியாது. கத்தியும் மென்மையான மரமும் உள்ள இடமெல்லாம் அது தோன்றியிருக்கிறது. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் உரோமப் படைவீரர்கள் அணிந்த வெண்கல இடைவார்க் கொக்கிகளில், மரத்தில் செய்தது போலவே சாய்ந்த குழிகள் அமைந்த அணிவேலையைக் காணலாம். நெதர்லாந்தின் பிரீசுலாந்துப் பகுதியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இளைஞர்கள் தாம் மணக்கவிருந்த பெண்களுக்கு இவ்வகை அணிவேலை செய்த மரப்பெட்டிகளையும் துணி தேய்க்கும் பலகைகளையும் செதுக்கிக் கொடுத்தனர். எத்தியோப்பியத் திருச்சபைக் குருக்கள் கையில் ஏந்தும் சிலுவைகளில் மரத்தாலானவையும் உண்டு. பின்னிப் பின்னிச் செல்லும் வடிவக்கணித வேலைப்பாடு அவற்றின் தனிச்சிறப்பு.

ஐரோப்பாவின் வடகோடியில் இந்தச் சிறுகத்தி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்தது. பின்லாந்தில் உனோ சிக்னேயசு என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866இல் கைவேலை நாட்டுப்புறப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று. அதை ஒட்டி, சுவீடனில் ஒட்டோ சாலமன் நேஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாணவனைத் தச்சனாக்குவது அவர்கள் நோக்கமன்று. கை, கண், மனம் மூன்றும் சேர்ந்து பழக வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. மாணவனுக்கு முதலில் கொடுத்த கருவி சிறிய கத்தி. மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கத்தியைப் போல வேறெதுவும் கற்றுத் தராது என்பதை மரவேலை பழகியவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தேரிலிருந்து தொடங்கிய கலை

நம் வட்டாரத்தில் மரச்செதுக்கின் பெரிய பள்ளி கோயில் தேர்தான். இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகிய மரங்களால் தேரின் அடித்தட்டை எழுப்பி, அதைச் சுற்றிலும் புடைப்புச் சிற்பங்களைப் பொருத்துவர். மானசாரம் என்னும் வடமொழிச் சிற்ப நூலில் தேருக்கெனத் தனி அத்தியாயமே உள்ளது. தேர்த்தச்சர் வெட்டிய யாளியும் மகரமும் பூவளையமும், பின்னர் வாயிற்கதவு, ஊஞ்சல், பூசையறைச் சட்டம், வாகனங்கள் என்று வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தன. திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூர் சமணக் கோயிலிலும் தேர்த்திருவிழா உண்டு. இவ்வட்டாரக் கத்தோலிக்கச் சிற்றூர்களில் ஆண்டுத் திருவிழாவின்போது புனிதரின் உருவத்தை வைத்துத் தேர்பவனி நடத்துகிறார்கள். சைவம், வைணவம், சமணம், கிறித்தவம் என்று வழிபாடு வேறுபட்டாலும், அச்சும் சக்கரமும் அலங்காரச் சட்டமும் ஒரே தொழில் மரபுக்கு உரியவை.

இந்தக் கலப்புக்கு மிகப் பழைய சான்று மரத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் உள்ளன. ஆனால் சிலுவைக்கு மேலே வளையும் தோரணமோ நம் கோயில்களில் காணும் மகர வாயிலிருந்து புறப்படுகிறது. வெளிநாட்டு எழுத்து, உள்நாட்டு உளி.

பழைய தென்னாற்காட்டில் தச்சுக்கும் கிறித்தவத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. வீரமாமுனிவர் எனப்பட்ட இத்தாலியர் கான்ஸ்டன்டைன் சோசப் பெஸ்கி (1680–1747) 3615 பாடல்களில் இயற்றிய தேம்பாவணிக்குக் காப்பியத் தலைவர் தச்சராகிய சூசையப்பர். அவரை வளன் என்று தமிழாக்கிப் பாடினார் பெஸ்கி. விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயிலுக்கு இன்றும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து மக்கள் செல்கின்றனர். மன்னரையும் வீரரையும் தலைவராகக் கொண்ட காப்பிய மரபில், உளி பிடித்த ஒருவரைத் தலைவராக்கியது எளிய செய்தியன்று. இலக்கிய வகுப்புகளில் இதை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

உளி யார் கையில்?

காப்பியத்தில் தச்சர் உயர்ந்தார். நடைமுறையில் தச்சு ஒரு குலத்தின் தொழிலாகவே நின்றது. தச்சர், கொல்லர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்ற ஐந்து தொழிலாரும் கம்மாளர் என்ற ஒரே சமூகமாகக் கருதப்பட்டனர். அளவு, பொருத்து, மரத்தேர்வு எல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. இதில் ஒரு பலன் உண்டு: நூற்றாண்டுகளாகத் திறன் சிதையவில்லை. ஒரு தீமையும் உண்டு: தேரை இழுத்த கைகள் பல, செதுக்கக் கற்றவை சில. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் தேர்வடத்தைத் தொடும் உரிமைகூட இருக்கவில்லை.

வேலியில் முதல் திறப்பு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று அரசு சார்ந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் அரசுப் பள்ளியாகி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அதன் கண்காணிப்பாளராக 1884இல் வந்த ஈ. பி. ஹாவெல், மாகாணத்தின் மாவட்டக் கைத்தொழில்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதியவர்.

மற்றொன்று மிஷன்களின் தொழிற்பள்ளி. ஹென்றி, வில்லியம், சோசப் ஸ்கடர் என்ற மூன்று உடன்பிறந்தவர்கள் 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை அமைத்தனர். திண்டிவனம் அதன் நிலையங்களுள் ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் (1870–1960) இளம்பெண்ணாக வந்து தங்கியதும், ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவராக உறுதி பூண்டதும் திண்டிவனத்தில்தான். அந்த வரலாற்றை எல்லாரும் அறிவர். அதே மிஷன் ஆரணியிலும் பின்னர் காட்பாடியிலும் தொழிற்பயிற்சி நடத்தி இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்பித்ததை நினைவில் வைத்திருப்பவர் குறைவு. தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தை மையமாகக் கொண்டு 1860களில் வேரூன்றிய டேனிஷ் மிஷனுக்கும் சாதிப் பிரச்சினையே தொடக்கம். அதன் முன்னோடியான கார்ல் ஓக்ஸ், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதை ஏற்காமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகி வந்தவர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மிஷன்களில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட கிராமத்து மக்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தொழிற்பள்ளியில் இழைப்புளியும் வெட்டுளியும் பிடித்தது சிறிய மாற்றமன்று. அங்கே முதன்மையாகச் செய்தவை மேசை, நாற்காலி, பெஞ்சு, அலமாரி போன்றவை. தேர்ச்சிற்பம் போன்ற நுண்வேலைக்கு அங்கு பெரிய இடமில்லை. ஆனால் முழக்கோலால் அளந்து, மட்டம் பார்த்து, பொருத்தடிக்கும் வேலை பாடப்புத்தகத்தைப் போல யாருக்கும் சொல்லித்தரக்கூடியது என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. மிஷன்களின் மதமாற்ற நோக்கத்தை விமரிசிப்பவர்கள்கூட இதை மறுக்க முடியாது என்பது என் கருத்து.

1937, 1953, 2024

1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். எல்லாப் பிள்ளைகளும், எந்தச் சாதியாயினும், பள்ளியில் ஒரு தொழிலின் வழியாகக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை மாகாணத்திலும் ஆதாரப் பள்ளிகள் தோன்றின.

1953இல் முதல்வர் இராசகோபாலாச்சாரி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் வேறு விதமானது. பள்ளியில் சில மணி நேரமே பாடம். மீதிப்பொழுதில் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளியில் தொழில் என்பது எல்லாருக்கும் பொது. வீட்டில் தொழில் என்றால் தச்சர் மகன் தச்சு கற்பான், உழவுக்கூலியின் மகன் கூலிவேலைதான் கற்பான். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அது சரியான முடிவு. ஆனால் அதன் நிழல் கைத்தொழில் வகுப்பின் மீதும் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். தேர்வு மதிப்பெண்ணே உயர்வுக்கு வழி என்று ஆனபின், கால அட்டவணையில் கைத்தொழில் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் பாடவேளையாயிற்று. பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்.

அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கடனும் அளிக்கிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இருப்பதைச் சுட்டி, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதை அப்படியே நடைமுறைப்படுத்த மறுத்தது. அதற்கு மாற்றாக, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் 25 கைவினைகளுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் தொழிலுக்குப் போக வேண்டாம் என்பது இந்த வயது வரம்பின் உட்பொருள். எழுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விக்கு வந்த விடை இது.

கள்ளக்குறிச்சிச் செதுக்கு

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் 30.9.1993 அன்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிந்தது. மாவட்ட எல்லை மாறினாலும் தொழிலின் எல்லை மாறவில்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தெய்வ உருவங்களும் கதவுச் சட்டங்களும் செதுக்கும் மரபு தொடர்கிறது. 1973இல் அமைந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமாகிய பூம்புகார் இதற்குச் சந்தை தேடிக் கொடுத்தது. பெரம்பலூர் மாவட்ட அரும்பாவூர்ச் செதுக்குக்கு 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்செதுக்குக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். அதனால் மட்டும் செதுக்குபவர் எண்ணிக்கை பெருகாது. அதற்குக் கற்க வருபவர்கள் வேண்டும்.

முழு உருவச் செதுக்கைக் கற்க ஆண்டுகள் ஆகும். சில்லுச் செதுக்கின் அடிப்படையைச் சில வாரங்களில் பழகிவிடலாம். பட்டறையோ பரம்பரையோ தேவையில்லை. சிலுவை அதற்கு ஏற்ற முதல் பொருள், ஏனெனில் வடிவம் இரண்டே கட்டைகள், நேர்க்கோடுகள் மட்டுமே. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கும் சிறுவருக்கு அந்த அளவு விகிதம் ஏற்கெனவே கைவந்தது. சிலுவை வேண்டாதவர் அதே வேலையை அளவுகோலிலோ பெயர்ப்பலகையிலோ செய்யலாம், வெட்டு ஒன்றுதான்.

எந்த மரம்?

திண்டிவனம் என்ற பெயருக்குத் திந்திரிணி, அதாவது புளியமரம், மூலம் என்பர். அவ்வூர்ச் சிவனும் திந்திரிணீசுவரர்தான். ஆனால் புளியங்கட்டை செக்குக்கும் இறைச்சி வெட்டும் அடிக்கட்டைக்கும் உரியது. தொடக்கக்காரரின் கத்தியை அது மழுக்கிவிடும். மாவட்டமெங்கும் நிற்கும் பனையும் வேண்டாம். அதன் கருநார்கள் கத்தியைத் தம் போக்கில் இழுத்துச் செல்லும். தேக்கு அழகானது, ஆனால் அதன் துளைகள் பெரியவை. நுண்ணிய முக்கோணத்தின் விளிம்பு உதிரும். (திண்டிவனம் அருகே திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைக் காணலாம். பிரெஞ்சு இயற்கையியலர் சோனரா 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதினார். செஞ்சிப் பக்கம் சுற்றுலா செல்பவர்கள் அங்கேயும் போய் மரத்தின் வளையங்களைக் கல்லில் பார்த்து வரலாம்.)

இவ்வேலைக்கு ஏற்றது வெட்பாலை. வறண்ட குன்றுகளில் வளரும் சிறு மரம். தந்தம் போல வெளுத்து, நெருங்கிய இழை கொண்டது. கருநாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாகப் பொம்மைகளும் இம்மரத்தில் கடைந்தவையே. அடுத்தது குமிழ். இலேசானது, வெடிப்பது குறைவு. எந்த மரமானாலும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். கணு இல்லாத துண்டாக இருக்க வேண்டும். தச்சுப்பட்டறையில் கழிக்கும் துண்டுகளே போதும், விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

முதல் சிலுவை

நெடுங்கட்டை 9 செ.மீ., குறுக்குக்கட்டை 6 செ.மீ., இரண்டுக்கும் அகலம் 2 செ.மீ., பருமன் 8 மி.மீ. என்று கொள்ளலாம். ஒரே பலகையிலிருந்து சிலுவை வடிவை அறுத்தெடுப்பது எளிது என்று தோன்றும். அப்படிச் செய்தால் இழை நெடுக்கே மட்டும் ஓடும். குறுக்குக் கைகள் இழைக்குக் குறுக்காக அமைந்து, கீழே விழுந்தால் முறியும். ஆகவே இரண்டு துண்டுகளாக எடுத்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஒவ்வொன்றிலும் பாதிப் பருமனாகிய 4 மி.மீ. வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று அமர்த்திப் பசை வைக்க வேண்டும். இந்தப் பொருத்து இறுக்கமாக அமைந்தாலே வேலையில் பாதி முடிந்த மாதிரி.

உப்புத்தாளால் தேய்ப்பது செதுக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பின்னால் தேய்த்தால் குழிகளின் கூர்விளிம்பு மழுங்கி, வேலை முழுவதும் பழைய சோப்புக்கட்டி போலத் தோன்றும். பிறகு பென்சிலால் ஓரத்திலிருந்து 2 மி.மீ. விட்டுக் கோடு போட்டு, உள்ளே 5 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் வைக்க வேண்டும். புள்ளிக்கோலம் போடுபவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நடுவில், இரு கட்டைகளும் கூடும் சதுரத்தில், கவராயத்தால் ஆறிதழ்ப் பூ வரையலாம். வட்டம் வரைந்த அதே அளவை மாற்றாமல், பரிதியில் முனையை வைத்து வில் வில்லாக வரைந்து சுற்றி வந்தால் ஆறிதழ் தானே வரும். ஏன் வருகிறது என்பது வடிவியல் பாடம்; கணக்கு ஆசிரியரைக் கேட்கலாம்.

கத்திக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உடைந்த ஆக்சா பிளேடைச் சாணை பிடித்துச் சரிவான முனை வைத்து, மரப்பிடி கட்டினால் போதும். சாணைக்கல்லில் தீட்டிய பின், சவரக்கத்தி தீட்டுவது போலத் தோல்வாரில் இழுக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கும். சிறுவர் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். மரத்தைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திமுனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஒரு முக்கோணத்துக்கு மூன்று வெட்டு. உச்சியில் கத்திமுனையை ஊன்றி, இரு பக்கக் கோடுகளிலும் செங்குத்தாக இறக்க வேண்டும். உச்சியில் ஆழமாகவும் அடிக்கோட்டை நெருங்க நெருங்க மேலாகவும் இருக்கட்டும். மூன்றாவது வெட்டைக் கத்தியைப் படுக்க வைத்து, அடிக்கோட்டிலிருந்து உச்சியை நோக்கிச் சரிவாகத் தள்ள வேண்டும். முன்பே வெட்டிய இரு கோடுகளும் மரம் பிளந்து ஓடுவதைத் தடுக்கும். சில்லு ஒரே துண்டாக வந்தால் வெட்டு சரி. பிய்ந்து வந்தால் ஆழம் போதவில்லை என்று பொருள். குழிக்குள் கிளறாமல் அதே மூன்று கோடுகளிலும் மீண்டும் ஒருமுறை வெட்டலாம். சிலுவையில் கை வைக்கும் முன் கழிவுத்துண்டில் நூறு முக்கோணங்களாவது வெட்டிப் பழக வேண்டும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. மெல்லத் தடவித் துடைத்தால் நாளடைவில் உலரும். தேங்காயெண்ணெய் உலராது; தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். கழுத்தில் அணியும் சிலுவையானால், நூல் கோக்கும் துளையைச் செதுக்கத் தொடங்கும் முன்பே இட்டுவிட வேண்டும். செதுக்கி முடித்தபின் துளையிட்டால் மெலிந்த உச்சிப் பகுதி பெரும்பாலும் இழைவழியே பிளந்துவிடும்.